கோபம் வராத பியானோ: டிஎக்ஸ்7-ஐ போனுக்குள் எழுதிப் பார்த்த பதிவு

யமஹா 1983-ல் வெளியிட்ட டிஎக்ஸ்7 கீபோர்டை ஆண்ட்ராய்டு செயலியாகத் திரும்பக் கட்டிப் பார்ப்பதுதான் வேலை. யோசனை ஒன்றும் புதிதில்லை. கோர்க் நிறுவனம் தன் பழைய எம்எஸ்-20 சிந்தசைசரை 2010-லேயே ஐபேடுக்குக் கொண்டுவந்துவிட்டது. மினிமூக் மாடல் டி சிந்தசைசரை மூக் நிறுவனமே 2018-ல் செயலியாக்கியது. டிஎக்ஸ்7-க்கும் ராஃப் லீவியன் ஆண்ட்ராய்டுக்காக எழுதிய திறந்த மூல எஞ்சின் இருக்கிறது. கணினியில் பலர் வைத்திருக்கும் டெக்ஸெட் என்ற மென்பொருள் அதன் மேல்தான் நிற்கிறது. இத்தனை இருந்தும் நானே எழுத உட்கார்ந்தேன். ஒரு சத்தத்தைக் கேட்டதும் "அட, இது டிஎக்ஸ்7" என்று காது சொல்லிவிடுகிறதே, அதை அப்படிச் சொல்ல வைப்பது கருவியின் எந்தப் பகுதி என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அடுத்தவர் எழுதியதை இறக்கி ஓட்டினால் அது பிடிபடாது.

"இவ்வளவு எதற்கு? ஒவ்வொரு சுரத்தையும் சாம்பிள் எடுத்துப் போட்டுவிடலாமே" என்று கேட்டவர்கள் உண்டு. பியானோவுக்கு அப்படித்தான் செய்வார்கள். டிஎக்ஸ்7-க்கு அது சரிப்படாது. இதில் விசையை அழுத்தி அடித்தால் சத்தம் மட்டும் கூடாது, சத்தத்தின் நிறமே மாறும். மெதுவாகத் தொட்டால் புல்லாங்குழல் பக்கம் சாயும் ஒலி, ஓங்கி அடித்தால் மணி பக்கம் போகும். நடுவில் எங்கும் படி கிடையாது, வழுக்கிக்கொண்டே போகும். 61 விசைக்கும் நாலு அடுக்கு, ஐந்து அடுக்கு என்று பதிவு செய்தாலும் ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடம் காதில் இடிக்கும். அதோடு ஒவ்வொரு ஒலிக்கும் நூற்றுக்கணக்கான எம்பி ஆகிவிடும். மூலக் கருவியிலோ ஓர் ஒலி வெறும் 128 பைட்தான். ஆகவே கணக்குதான் போட வேண்டும், பதிவை ஓட்டிப் பயனில்லை.

கணக்கின் சாரத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது புரிய அது வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967-ல் வைப்ரேட்டோவை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது கண்டுகொண்டது இது. ஒரு சைன் அலையின் சுருதியை இன்னொரு சைன் அலை ஆட்டுகிறது. மெதுவாக ஆட்டினால் வைப்ரேட்டோ. ஆட்டும் வேகம் காதுக்குக் கேட்கும் அதிர்வெண் அளவுக்குப் போனதும் ஆட்டம் கேட்பது நின்றுவிடும், அதற்குப் பதில் புதிய ஸ்வரங்கள் முளைக்கும். 1973-ல் அவர் கட்டுரை வந்தது, பிறகு உரிமம் யமஹாவுக்குப் போனது. டிஎக்ஸ்7-ல் ஒரு குரலுக்கு ஆறு சைன் அலைகள். அவற்றை ஆபரேட்டர் என்பார்கள். யார் யாரை ஆட்டுவது என்பதற்கு 32 அமைப்புகள் உண்டு, அவை அல்காரிதம். ஒரே நேரத்தில் 16 குரல் பாடும். ஆக 96 ஆபரேட்டர். இந்த முறைக்குப் பெயர் எஃப்எம், அதாவது அதிர்வெண்ணை ஆட்டுவது. என்றாலும் உள்ளே நடப்பது ஃபேஸை, அதாவது அலை தன் சுற்றில் நிற்கும் இடத்தை, முன்னும் பின்னும் தள்ளுவதுதான். நிரலில் அது இன்னும் சுலபம்: ஒருவரின் வெளியீட்டை அடுத்தவரின் ஃபேஸோடு கூட்டினால் முடிந்தது.

போனுக்கு இது பாரமா என்று கேட்டால், இல்லை. போனுக்கு ஒலி என்பது விநாடிக்கு 48,000 எண்கள், ஒவ்வொரு எண்ணும் ஒரு சாம்பிள். 96-ஐ 48,000-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 46 லட்சம் சாம்பிள் கணக்கு. இன்றைய சாதாரண போனுக்கே இது தூசு. சிரமம் எல்லாம் வேறு இடத்தில் இருந்தது.

மூல இயந்திரம்

ஒப்பிட அசல் வேண்டுமே. லைட் மியூசிக் மேடைகளில் வெகுகாலம் கீபோர்டு வாசித்த ஓர் அண்ணன் தன் டிஎக்ஸ்7-ஐ விற்காமல் வைத்திருந்தார். அமெரிக்க மாடல், 120 வோல்ட். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கின பிறகுதான் சுவிட்சைத் தொட்டோம். திரை உயிர்பெற்றது, ஆனால் ஒலிகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கண்டபடி எழுத்துகள். விசையை அழுத்தினால் சில குரல் கீச்சிட்டது, சில குரல் வரவே இல்லை. பதற வேண்டியதில்லை. 32 ஒலிகளும் உள்ளே ராம் நினைவில் கிடக்கின்றன, அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி. அது தீர்ந்துபோனால் இப்படித்தான் ஆகும். பேட்டரியை நேராகப் போர்டில் சால்டர் செய்து வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டு ஹோல்டர் ஒன்றைப் போட்டேன், அடுத்த முறை மாற்ற சால்டரிங் அயர்ன் தேவைப்படாது.

அடுத்து ஒலிகளை ஏற்ற வேண்டும். இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மிடி கேபிள், கணினி, ஒலிகளின் எண்களைச் சுமக்கும் ஒரு சிஸ்எக்ஸ் கோப்பு. 32 ஒலி கொண்ட கட்டு ஒன்று தலைப்பு, வால் எல்லாம் சேர்த்து 4104 பைட். மிடியின் வேகம் விநாடிக்கு 31,250 பிட், ஆகவே முழுசும் போய்ச்சேர ஒன்றே கால் விநாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். கருவியில் மெமரி புரொடெக்டை அணைத்துவைக்காவிட்டால் அது வாங்கவே வாங்காது. மிடி பக்கத்தில் சிஸ் இன்ஃபோ "அவைலபிள்" என்று மாற்றாவிட்டால் பேசவும் பேசாது. இரண்டையும் செய்தபின் பழைய ஒலிகள் வரிசையாகத் திரும்பி வந்தன. அண்ணன் எலெக்ட்ரிக் பியானோவைத் தேர்ந்தெடுத்து, சில விசைகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு பிடித்தார். எண்பதுகளில் உலகம் முழுக்கப் பாட்டுகளில் கேட்ட அந்த "டிங்".

அந்த டிங் எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒலியின் எண்களே காட்டும். அது ஐந்தாம் அல்காரிதம்: மூன்று ஜோடி, ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவர் ஆட்டுபவர், ஒருவர் பாடுபவர். இரண்டு ஜோடியில் இருவருக்கும் ஒரே அதிர்வெண். முதல் ஜோடியில் மட்டும் ஆட்டுபவர் 14 மடங்கு வேகத்தில் ஓடுகிறார். அதனால் 13 மடங்கு, 15 மடங்கு அதிர்வெண்ணில் ஸ்வரங்கள் உச்சியில் முளைத்து, சட்டென்று தேய்ந்து மறைகின்றன. சுத்தியல் உலோகத்தில் பட்ட மாதிரி கேட்பதற்கு அவ்வளவுதான் காரணம்.

அளந்து பார்த்தது

இன்டர்நெட்டில் டிஎக்ஸ்7 பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அதன் கரகரப்பைப் பற்றித்தான் பேசுவார்கள், எண்களை ஒலி மின்னலையாக மாற்றும் பழைய 12 பிட் டிஏசி அது இது என்று. எனக்கும் முதலில் அதைத்தான் பிடிக்க ஆசை. ஆனால் அளக்க ஆரம்பித்த பிறகு முன்னுரிமை மாறிவிட்டது.

அளப்பதற்குக் கருவியிலேயே ஒரு நல்ல வசதி உண்டு. இனிட் வாய்ஸ் என்று கொடுத்தால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதல் ஆபரேட்டர் மட்டும் முழு அளவில் பாடும். சுத்தமான சைன் அலை. ஆபரேட்டரின் அவுட்புட் லெவல் 0 முதல் 99 வரை. 99-ல் வைத்து ஆடியோ இன்டர்ஃபேஸில் பதிந்து, ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்தேன். 99-லிருந்து 91-க்கு வந்தபோது சரியாக 6 டெசிபெல் குறைந்திருந்தது, அதாவது பாதி. 83-க்கு வந்தபோது மறுபடி பாதி. ஒரு படிக்கு 0.75 டெசிபெல். இது 20 வரை அப்படியே போகிறது. அதற்குக் கீழே படி பெரிதாகிறது, கடைசியில் ஒரு படிக்கு 3 டெசிபெல்லுக்கும் மேல். அந்த அடிமட்டத்தை நான் அளக்கவில்லை, கருவியின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடுகிறது. அந்த இருபது எண்களை லீவியனின் நிரலில் உள்ள அட்டவணையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இது சும்மா வால்யூம் சமாச்சாரம் என்று தோன்றலாம். பாடும் ஆபரேட்டருக்கு வால்யூம்தான். ஆட்டும் ஆபரேட்டருக்கு இதே எண் பிரகாசத்தைத் தீர்மானிக்கிறது. 99-ல் அது அடுத்தவரின் ஃபேஸை ஏறக்குறைய 13 ரேடியன் தள்ளுகிறது, அதாவது இரண்டு முழுச் சுற்றுக்கும் கொஞ்சம் மேலே. வளைவு கொஞ்சம் பிசகினாலும் வால்யூம் தப்பாகக் கேட்காது, ஒலியே வேறொன்றாகிவிடும். 0-99 என்பதை நேராக 0-1 என்று பெருக்கிப் போட்டுவிட்டால், மூலத்தின் ஒலிக் கோப்புகளை ஏற்றும்போது எல்லாம் கத்தும், அல்லது எல்லாம் மந்தமாகும். இலவசமாகக் கிடைக்கும் எஃப்எம் செயலிகள் சிலவற்றில் பழைய ஒலிகள் ஏன் ஒட்டவே ஒட்டாமல் இருக்கின்றன என்பதற்கு இது காரணமாக இருக்கலாம்.

ஒலி எப்படி எழுந்து எப்படித் தேய்கிறது என்பதைத் தீர்மானிக்கும் என்வலப் இன்னும் சுவாரசியம். நாலு வேகம், நாலு மட்டம். தேய்வதை டெசிபெல் வரைபடத்தில் போட்டால் நேர்கோடாக இறங்குகிறது. ஏறுவது அப்படி இல்லை. அடிமட்டத்திலிருந்து தவழ்ந்து வராமல், சற்று மேலே உள்ள ஒரு மட்டத்துக்கு உடனே தாவிவிட்டு, அங்கிருந்து வேகமாகக் கிளம்பி உச்சியை நெருங்க நெருங்க நிதானமாகிறது. பிராஸ் ஒலியில் "ப்வா" என்று உதடு விரிகிற மாதிரி வருவது இந்த வளைவால்தான். நேர்கோட்டில் ஏற்றிப் பார்த்தேன், யாரோ வால்யூம் குமிழைத் திருகுகிற மாதிரி இருந்தது. வளைவைப் போட்டதும் பிராஸ் உயிர்பெற்றது. மொத்த வேலையில் ஒரே மாற்றத்தில் கிடைத்த பெரிய பலன் இதுதான். டிஏசி எல்லாம் இதற்கு வெகு பின்னால்.

இன்னொரு வினோதம்: விசைப்பலகையில் மேலே போகப் போக ஒரு ஆபரேட்டரின் அளவைக் குறைக்கவோ கூட்டவோ செய்யும் கீபோர்டு லெவல் ஸ்கேலிங். அது ஒவ்வொரு விசைக்கும் மாறாது, மும்மூன்று விசையாகக் கட்டிக் கட்டி மாறும். ஸ்கேல் வாசித்துக்கொண்டே போனால் மூன்றுக்கு ஒருமுறை நிறம் ஒரு பொட்டு நகரும். இதைச் சீராக்கிவிடலாம், நிரலில் ஒரு வரிதான். செய்யவில்லை. அந்த ஒலிகளை உருவாக்கியவர்கள் இந்தப் படியைக் கேட்டுக்கொண்டேதான் எண்களைத் திருத்தியிருப்பார்கள்.

கூட்டல் மட்டும் தெரிந்த சிப்

1983-ல் 96 ஆபரேட்டருக்குப் பெருக்கல் போடும் சிப் என்றால் விலை கட்டுப்படியாகாது. யமஹா அதைத் தாண்டிய விதம் அழகு. பள்ளியில் லாகரிதம் டேபிள் புரட்டியவர்களுக்குத் தெரிந்த வித்தைதான்: பெருக்க வேண்டுமானால் லாக் எடு, கூட்டு, ஆன்டிலாக் எடு. சைன் அட்டவணையையே லாகரிதமாகச் சேமித்துவைத்தார்கள். என்வலப், லெவல், விசையை அடித்த வேகம் எல்லாமே லாகரிதத்தில் வருகின்றன. எல்லாவற்றையும் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு அடுக்கு அட்டவணையில் தேடினால் விடை. 0.75 டெசிபெல் படி எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும். பழைய சிப்களை ஆராயும் கென் ஷிரிஃப் அந்த சிப்பைத் திறந்து புகைப்படம் எடுத்து உள்ளே இருப்பதை விளக்கியிருக்கிறார். பொழுதுபோகாத இரவுகளுக்கு நல்ல வாசிப்பு.

போனில் பெருக்கல் இலவசம் மாதிரிதான், ஆகவே ஃப்ளோட்டிலேயே (தசம எண்ணில்) எழுதியிருக்கலாம். முழு எண்ணில், லாகரிதத்திலேயே எழுதினேன். காரணம் ஏக்கம் இல்லை. எண்கள் எல்லாம் அந்த அளவுகோலில்தான் வருகின்றன, அதே அளவுகோலில் வேலை செய்தால் மொழிபெயர்ப்புப் பிழைக்கு இடமில்லை. கூடவே ஒரு லாபம்: ஃப்ளோட்டில் எழுதினால், தேய்ந்து தேய்ந்து சுழியை நெருங்கும் மிகச் சின்ன எண்கள் சில ப்ராசஸர்களில் கணக்கை மந்தமாக்கும். முழு எண்ணில் அந்தத் தலைவலியே கிடையாது.

ஃபீட்பேக் கொஞ்சம் படுத்தியது. இரண்டைத் தவிர எல்லா அல்காரிதத்திலும் ஒரு ஆபரேட்டர் தன்னையே ஆட்டிக்கொள்ளும். முந்தைய சாம்பிளை மட்டும் திருப்பி ஊட்டினால் ஃபீட்பேக் ஏறும்போது அலை வெறிபிடித்து இங்கும் அங்கும் தாவுகிறது. யமஹா செய்தது கடைசி இரண்டு சாம்பிளின் சராசரியை ஊட்டுவது. அதைப் போட்டதும் அடங்கி, வாள்பல் அலை மாதிரி ஒழுங்காக வந்தது. இது வழக்கமான கதை. வழக்கமில்லாதவை நாலாவது, ஆறாவது அல்காரிதம். நாலாவதில் 6, 5, 4 என்று மூன்று ஆபரேட்டரைச் சுற்றி வளையம் போகிறது, ஆறாவதில் இரண்டைச் சுற்றி. வேகத்துக்காக நான் ஒவ்வொரு ஆபரேட்டரையும் 64 சாம்பிள் கட்டாகக் கணக்கிட்டு அடுத்ததற்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வளையம் மூன்று பேரைச் சுற்றினால் கட்டு முறை செல்லாது, ஒவ்வொரு சாம்பிளுக்கும் மூவரையும் சுற்றி வர வேண்டும். அந்த இரண்டு அல்காரிதத்துக்கு மட்டும் தனி வழி எழுதிவைத்திருக்கிறேன். பார்க்க அசிங்கம், ஓடுகிறது.

டிஏசி? முதலில் ஆசைப்பட்டதற்காகச் செய்தேன். மூலத்தில் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே 12 பிட் டிஏசி வழியே போகின்றன, சத்தம் குறையும்போது அளவுகோலும் கூடவே சுருங்குகிறது. ஆகவே மொத்தக் கலவையைக் கொண்டுபோய் 12 பிட்டில் வெட்டுவது தப்பு. ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வெட்ட வேண்டும். செய்து பார்த்தால், நல்ல ஹெட்ஃபோனில், பெல் ஒலி தேய்ந்து முடியும் கடைசி விநாடியில் லேசான மணல் சத்தம் கேட்கிறது. பஸ்ஸில் போகும்போது போன் ஸ்பீக்கரில் கேட்டால் கடவுளுக்கே தெரியாது. ஒரு சுவிட்சாக வைத்துவிட்டேன், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும்.

போன் என்கிற வாத்தியம்

எஞ்சின் கணினியில் சரியாகப் பாடியதும் பாதி முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆண்ட்ராய்டில் அதை வாசிக்கத்தக்கதாக்குவது தனி வேலை.

கூகுளின் ஓபோ என்ற ஒலி நிரல் நூலகத்தைப் பயன்படுத்தினேன். சி++, திறந்த மூலம். ஆண்ட்ராய்டின் ஒலிப் பாதைகளில் புது போன்களில் ஏஆடியோ வழியாகவும் பழையவற்றில் ஓபன்எஸ்எல் வழியாகவும் அதுவே பார்த்துக்கொள்ளும். லோ லேட்டன்சி (குறைந்த தாமதம்), எக்ஸ்குளூசிவ் (மற்ற செயலிகளோடு பகிராத பாதை) என்று கேட்டால், கிடைக்கும் போனில் கிடைக்கும். போன் தன் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கேட்கும். 48,000 ஹெர்ட்ஸில் துண்டு 192 சாம்பிள் என்றால் 4 மில்லி விநாடி. அந்த 4 மில்லி விநாடிக்குள் அடுத்த துண்டைக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்கத் தவறினால் "டப்". போன் துண்டு கேட்கும்போது ஓடும் அந்த கால்பேக் நிரலுக்குள் நினைவு ஒதுக்கக் கூடாது, பூட்டுப் போட்டுக் காத்திருக்கக் கூடாது, கோப்பில் எழுதக் கூடாது. விரல் பட்ட செய்தியைத் திரைப் பக்கத்திலிருந்து ஒலிப் பக்கத்துக்கு, பூட்டில்லாத ஒரு வட்ட வரிசை வழியாக அனுப்புகிறேன். இதெல்லாம் பாடப்புத்தகம்.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்று: நிதானமாக வாசிக்கும்போது டப் வந்தது, ஓயாமல் வாசித்தால் வரவில்லை! தேடிப் பார்த்தால், போன் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. ஒற்றை ஸ்வரம் ஒலிக்கும்போது வேலை குறைவு என்று பார்த்து சிபியு வேகத்தை இறக்கிவிடும். அந்த நேரம் பார்த்து இரண்டு கையிலும் கார்டு விழுந்தால், வேகம் ஏறுவதற்குள் ஒரு துண்டு தவறிவிடும். இதற்கு விடை, வேலையைச் சீராக வைத்துக்கொள்வது: பாடாத குரலுக்கும் பாடுவது மாதிரியே கணக்குப் போட்டுத் தள்ளிவிடுவது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும். வாசிக்கிறவர் அதற்குக் கவலைப்பட மாட்டார், டப்புக்குத்தான் கவலைப்படுவார்.

சாம்பிள் வேகத்தில் ஒரு பொறி இருக்கிறது. மூலம் ஓடுவது 49,096 ஹெர்ட்ஸில். போன்கள் பெரும்பாலும் 48,000. மூலத்தின் சுருதி அட்டவணையை அப்படியே போனில் ஓட்டினால் எல்லாம் 39 சென்ட் இறங்கிப் பாடும், ஏறக்குறைய அரை ஸ்வரத்தில் நாற்பது சதவீதம். அதோடு என்வலப்பும் அதே அளவு மெதுவாகும். ஆகவே எந்த அட்டவணையும் நிரலில் அச்சடித்ததாக இருக்கக் கூடாது. ஸ்ட்ரீம் திறந்ததும் "உன் வேகம் என்ன" என்று கேட்டு, அப்போது கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். புளூடூத் ஹெட்செட் மாட்டினால் சில போன்களில் ஸ்ட்ரீம் அறுந்து, திரும்பத் திறக்கும்போது வேறு வேகம் கிடைக்கும். அதைக் கவனிக்காத செயலியில் பாட்டு நடுவில் சுருதி ஒன்றரை அரைஸ்வரம் விழும். சுருதியைச் சரிசெய்தாலும் புளூடூத்தில் இதை வாசிக்க முடியாது, அது வேறு விஷயம். விரல் பட்டு நூறு மில்லி விநாடிக்கும் மேல் கழித்துக் கேட்கிற வாத்தியத்தை யார் வாசிப்பது? புளூடூத் மாட்டினால் "வயர் ஹெட்ஃபோன் போடுங்கள்" என்று ஒரு வரி காட்டுகிறேன், அவ்வளவுதான்.

"அடிச்சா கோவமே வரல"

ஒலி ஒத்துப்போன பிறகு அண்ணனிடம் போனைக் கொடுத்தேன். கண்ணாடித் திரையில் இரண்டு ஆக்டேவ் விசைகள். எலெக்ட்ரிக் பியானோவில் கொஞ்சம் வாசித்துவிட்டுச் சொன்னார்: "சவுண்டு அதேதான் தம்பி. ஆனா எவ்ளோ அடிச்சாலும் இதுக்குக் கோவமே வரலியே."

அவர் சொன்னதுதான் விஷயம். அந்த ஒலியில் ஆட்டும் ஆபரேட்டர்கள் விசை வேகத்துக்குக் கட்டுப்பட்டவை. ஓங்கி அடித்தால் டிங் முளைக்கும், தடவினால் மறையும். கண்ணாடித் திரைக்கு வேகம் தெரியாது. எல்லா ஸ்வரமும் ஒரே வேகத்தில் போனால், கணக்கு எவ்வளவு துல்லியமானாலும் அது செத்த பியானோ.

ஆண்ட்ராய்டு "அழுத்தம்" என்று ஒரு எண்ணைத் தருகிறது. நான் கைவைத்த போன்களில் அது மாறாத 1 அல்லது விரல் படும் பரப்பை வைத்துக் கட்டிய ஒரு ஊகம். கட்டைவிரல் எப்போதும் உரக்கப் பாடியது, சுண்டுவிரல் எப்போதும் முனகியது. அடுத்து அசைவை உணரும் ஆக்சிலரோமீட்டர். ஐபேடில் கராஜ்பேண்ட் இசைச் செயலி அதை வைத்துத்தான் தட்டும் வேகத்தைக் கண்டுபிடிக்கிறது. ஐபேடின் அகலமான உடம்பு மேஜை மேல் கிடந்து அதிர்கிறது, அதனால் அங்கே சரிவருகிறது. போனைக் கையில் பிடித்தால் கையின் ஆட்டமே பெரிதாக இருக்கிறது, சோபாவில் வைத்தால் ஒன்றும் வருவதில்லை.

கடைசியில் நின்றது மிக எளியது. விசையின் எந்த உயரத்தில் விரல் படுகிறதோ அதுதான் வேகம். கீழ் விளிம்பில் தொட்டால் ஓங்கல், மேலே கறுப்பு விசைகளுக்கு இடையில் தொட்டால் மென்மை. இதுவும் நேர்கோடாக வைத்தால் சரிவரவில்லை. விரல் தானாக விழும் நடுப்பகுதியில் வளைவைத் தட்டையாக்கி, இரு ஓரங்களில் செங்குத்தாக்கியதும் கைக்கு வசப்பட்டது. மேல் எல்லையை, மிடியில் விசை வேகத்தின் உச்சமான 127 வரை விடவில்லை. மூல டிஎக்ஸ்7-ன் விசைகள் அவ்வளவு உச்சத்தை அனுப்புவதே இல்லை. அதன் ஒலிகள் அதற்குத் தக்கபடி செதுக்கப்பட்டவை, 127 கொடுத்தால் டிங் காதைக் குத்தும். இப்போதைய மிடி கீபோர்டை ஓடிஜி கேபிளில் மாட்டினால் அது 127 அனுப்பும் என்பதால், அங்கேயும் ஒரு சுருக்கி வைத்தேன்.

கண்ணாடி ஒன்றைத் திருப்பியும் கொடுத்தது. விசையில் வைத்த விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் வளையும்படி செய்தேன். மூலத்தில் பிட்ச் பெண்ட் வீல் எல்லா ஸ்வரத்தையும் சேர்த்துத்தான் வளைக்கும். விரல் நகர்வுகளை ஆண்ட்ராய்டு திரை புதுப்பிக்கும் தாளத்துக்கு மூட்டை கட்டித் தரும். மூட்டை கட்டாமல் உடனுக்குடன் தா என்று கேட்க வழி உண்டு, கேட்டதும் கமகம் வழுக்க ஆரம்பித்தது. இது அசலுக்கு உண்மையாக இல்லை என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். அசல் வேண்டுமென்றால் 14 கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான்.

எதை விட்டேன்

மூலத்தின் பட்டன்களையும் பச்சை நிறத்தையும் திரையில் வரையவில்லை. பழைய கருவிகளைச் செயலியாக்கும்போது திருகு, துரு எல்லாம் வரைந்துவைப்பது ஒரு வழக்கம். டிஎக்ஸ்7-ல் அதற்கு அர்த்தமே இல்லை. அதில் குமிழ்கள் கிடையாது. தட்டையான பட்டன்கள், இரண்டு வரித் திரை, வால்யூமுக்கு ஒன்று போக எண்களை மாற்ற ஒரே ஒரு ஸ்லைடர். நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை அந்த ஒற்றைச் சாளரம் வழியாக ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் உள்ளே இருந்த ஒலிகளோடு நின்றுவிட்டதற்கு அதுதான் காரணம். போனில் என்வலப்பைக் கோடாகவே வரைந்து விரலால் இழுக்க விட்டிருக்கிறேன். அல்காரிதம் படமாகத் தெரிகிறது, பெட்டியைத் தொட்டால் அந்த ஆபரேட்டர் திறக்கிறது.

யமஹாவின் தொழிற்சாலை ஒலிகளைச் செயலிக்குள் வைக்கவில்லை, பெயரிலும் டிஎக்ஸ் என்ற எழுத்துகள் இல்லை. எஃப்எம் மீதான காப்புரிமை 1990களின் நடுவிலேயே தீர்ந்துவிட்டது, முறையை யாரும் பயன்படுத்தலாம். வணிகப் பெயரும் ஒலிக் கோப்புகளும் வேறு கதை. சிஸ்எக்ஸ் கோப்பு வைத்திருப்பவர் தானே ஏற்றிக்கொள்ளலாம்.

அந்த ஏற்றும் பகுதி எழுதும் எவருக்கும் சில குறிப்புகள். 128 பைட் ஒலியில் ஆபரேட்டர்கள் 6-லிருந்து 1 என்று தலைகீழ் வரிசையில் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் 17 பைட், பிறகு 16 பைட் பொது விவரம், கடைசி 10 பைட் பெயர். செக்சம், அதாவது கோப்பு பழுதில்லை என்று சரிபார்க்கும் எண், தப்பான கோப்புகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. மூலக் கருவி அவற்றை ஏற்க மறுக்கும், செயலி எச்சரித்துவிட்டு ஏற்றிக்கொள்வது நல்லது. தலைப்பும் வாலும் வெட்டப்பட்டு வெறும் 4096 பைட்டாக வரும் கோப்புகளும் உண்டு, அளவைப் பார்த்தே கண்டுகொள்ளலாம். 0-99 இருக்க வேண்டிய இடத்தில் 120 இருக்கும் குப்பைகளும் வரும். எல்லை பார்க்காமல் அட்டவணையில் தேடினால் செயலி அப்படியே விழுந்துவிடும்.

இப்போது மீதி இருப்பது, வைப்ரேட்டோவை ஆட்டும் மெதுவான அலையான எல்எஃப்ஓ தாமதத்துக்குப் பிறகு ஏறும் வளைவு. ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் வைப்ரேட்டோ மூலத்தைவிடச் சற்று முந்தி வருகிறது. அண்ணனின் கருவி அடுத்த கச்சேரிக்குப் போவதற்குள் அதை ஒருமுறை பதிந்து அளந்துவிட வேண்டும்.